இரண்டாம் வருகையும் எமது இலக்கிய நோக்கும்

கிறிஸ்து மீண்டும் வருவார், அன்று இவ்வுலகு தன் முடிவை எய்தும் என்ற நம்பிக்கை மெய்யா பொய்யா எனத் தீர்ப்பு வழங்குதல் திறனாய்வாளனின் பணியன்று. அது இறையியலார்க்கும் விசுவாசிகளின் மனச்சாட்சிக்கும் உரியது. ஆயின் அந்நம்பிக்கை எழுத்தாகவும் பாட்டாகவும் பிரசங்கமாகவும் உருக்கொண்டு மக்களிடையே உலவத் தொடங்கிய கணம் முதல் அது இலக்கியப் பொருளாகின்றது. ஒரு சமூக சக்தியும் ஆகின்றது. அதனை எவர் ஆக்கினர், எவர்க்காக ஆக்கினர், அது எவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றது, எவரைத் தப்பவிடுகின்றது என்ற வினாக்களை எழுப்பும் உரிமையும் கடமையும் அப்போது எமக்கு உண்டு.

முற்போக்கு எண்ணங் கொண்டோரிடையே இப்பொருள் குறித்து இரண்டு போக்குகளைக் காணலாம். 'மூடநம்பிக்கை' என்ற ஒரு சொல்லால் அனைத்தையும் ஒதுக்கிவிடுவோர் ஒரு சாரார். மதம் தனிமனிதரின் சொந்த விடயம் என்று கூறி வாய் மூடியிருப்போர் மற்றொரு சாரார். இரண்டும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகளே. மதத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்சின் கூற்றை முதற் சாரார் அடிக்கடி எடுத்தாள்வர். 1844ஆம் ஆண்டில் வெளியான அக்கட்டுரையின் அதே பந்தியிலேயே, மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சாகவும் உண்மைத் துயரத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் அமைவதை மார்க்ஸ் சுட்டியுள்ளார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பெருமூச்சைக் கேட்க மறுப்பவன் துயரத்தின் காரணத்தை எவ்வாறு ஆராய்வான்?

இறுதிக்கால இலக்கியங்கள் அனைத்துக்கும் மூலநூலாக விளங்குவது புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம். பத்மு தீவிலிருந்து, சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு யோவான் என்பார் எழுதியதாக அந்நூல் தன்னை அறிமுகப்படுத்துகின்றது. மிருகங்களும் எக்காளங்களும் முத்திரைகளும் நிறைந்த அதன் படிம உலகு கற்பவரை மலைக்க வைப்பது. ஆயினும் அதன் பதினெட்டாம் அதிகாரத்தில் மொழி திடீரெனத் தரையில் இறங்கிவிடுகின்றது. பாபிலோன் என்னும் மறைபெயரால் சுட்டப்படும் உரோமாபுரி வீழ்கின்றது. அதன் வணிகர்கள் அழுகின்றனர். ஏன் அழுகின்றனர்? தம் சரக்கை வாங்க இனி ஆளில்லை என்பதற்காக. அச்சரக்குகளை நூலாசிரியர் ஒவ்வொன்றாக எண்ணுகின்றார். பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம் எனத் தொடங்கி, நறுமணப் பொருள், திராட்சரசம், எண்ணெய், மா, கோதுமை, ஆடு, மாடு, குதிரை எனத் தொடர்ந்து, ஏறத்தாழ 28 பொருள்களைக் கடந்து, அடிமைகளிலும் மனித உயிர்களிலும் வந்து அப்பட்டியல் முடிகின்றது.

இப்பட்டியலின் அமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொன்னில் தொடங்கி மனிதனில் முடியும் இவ்வரிசை ஒரு துறைமுகக் கணக்கேடு போன்றது; அக்கணக்கேட்டின் இறுதி வரியில் பேரரசின் இரகசியம் வெளிப்பட்டுவிடுகின்றது. ஏனைய சரக்குகள் யாவற்றுக்கும் அடியில் கிடப்பது விற்கப்பட்ட மனிதனே என்பதை உரை எதுவுமின்றி உணர்த்துகின்ற கலைத்திறன் அது. அப்பட்டியலில் கறுவாவும் இடம்பெறுவது எமக்குத் தனிப்பொருள் தருவதாகும். பல நூற்றாண்டுகளின் பின் இத்தீவின் கரைகளைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கைப்பற்றியதற்குக் கறுவாவே முதன்மையான காரணம். கடலேரியின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டை 1667இல் ஒல்லாந்தரால் கட்டப்பட்டது. கண்டி இராச்சியத்தின் வணிகத்தை நெரிக்கும் கரமாக அது விளங்கிற்று. யோவானின் கணக்கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்கோட்டை வாயிலில் நிற்பவனுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

இந்நூலின் சமூக அடித்தளத்தை முதன்முதலில் ஆழமாக ஆராய்ந்தோருள் ஏங்கெல்ஸ் ஒருவர். 1883இல் இந்நூலைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதிய அவர், 1894இல் ஆதிக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை மீண்டும் ஆராய்ந்து, அதற்கும் தொழிலாளர் இயக்கத்துக்குமிடையே உள்ள ஒப்புமைகளை எடுத்துக்காட்டினார். அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் நாடிழந்தோரும் முதலில் பற்றிய மதம் அது என்பது அவர் முடிபு. 666 என்னும் எண் நீரோ மன்னனைக் குறிக்கும் என்ற செருமானிய அறிஞர் பெனரியின் விளக்கத்தை ஏற்று, நூலின் காலம் கி.பி. 68 அளவினது என அவர் கொண்டார். இன்றைய ஆய்வாளர் பலர் தொமித்தியான் காலமாகிய கி.பி. 95 அளவையே ஏற்பர். காலக்கணிப்பு மாறினும் அடிப்படை மாறவில்லை: மிருகம் என்பது அன்றைய பேரரசு, அதன் பெயரை வெளிப்படையாகச் சொல்ல இயலாத காலத்தில் எழுந்த மறைமொழியே இந்நூல்.

பேரரசு கிறிஸ்தவத்தைத் தழுவிய பின்னர் இம்மறைமொழி சங்கடத்துக்குரியதாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனார், ஆயிரமாண்டு ஆட்சி என்பது திருச்சபையின் நடப்புக் காலத்தையே குறிக்கும் என விளக்கமளித்தார். வரவேண்டிய அரசு வந்தாயிற்று என்றால் இருக்கும் அரசோடு எவர் பிணங்குவர்? இறுதி நாள் என்பது சமுதாயத்தின் தீர்ப்பு நாளாக இருந்த நிலை மங்கி, ஒவ்வொருவரின் மரணப் படுக்கையாகச் சுருங்கிற்று. ஆயினும் அமுங்கிய கனல் அவ்வப்போது மூண்டெழுந்தது. 1525இல் செருமனியின் குடியானவர்களைத் திரட்டிப் பிரபுக்களை எதிர்த்து, தோல்வியுற்றுத் தலை வெட்டுண்ட தோமஸ் மூன்ட்சர், இறுதித் தீர்ப்பின் மொழியிலேயே நிலவுரிமையைப் பேசினார்.

எமது கரையோரக் கத்தோலிக்க மரபிலும் மேற்சொன்ன சுருக்கத்தின் சாயலைக் காணலாம். 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்து, ஒல்லாந்தரின் தடைகளுக்கிடையே பணியாற்றி, 1742இல் இதே மாவட்டத்துப் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் 'வியாகுலப் பிரசங்கம்' தபசு காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் கண்ணீர் மல்க வாசித்துவந்த நூல். கடலில் ஆண்மக்களைப் பறிகொடுக்கும் சமூகத்துக்குத் தாயின் ஒப்பாரி நெஞ்சோடு ஒட்டியது. துன்பத்தை அறிந்து அதனோடு அழும் இலக்கியம் இது. துன்பம் தருபவனை விசாரணைக்கு அழைக்கும் இலக்கியமாக அது வளரவில்லை; தடைசெய்யப்பட்ட ஒரு மதத்தின் இரகசியக் குருவானவரிடம் அதனை எதிர்பார்த்தலும் பொருந்தாது.

விசாரணைக்கு அழைக்கும் குரல் தமிழில் எழுந்தது வேறொரு கரையில், வேறொரு மரபில். 1841இல் தென் திருவிதாங்கூரில் தோன்றிய அகிலத்திரட்டு அம்மானை, கிறிஸ்தவ நூலன்று. வைகுண்டரின் சீடர் அரிகோபாலர் எழுதியது. ஆயினும் யுகமுடிவு, தீயவனின் அழிவு, தருமயுகத்தின் பிறப்பு என்னும் கட்டமைப்பில் அதனை வெளிப்படுத்தலோடு ஒப்புநோக்கல் தகும். சாணார் குலத்துப் பெண்கள் தோளில் சீலை அணியும் உரிமைக்காகப் போராடிய காலமது. கிறிஸ்தவ மிசனரிமார் அப்பகுதியில் பள்ளிகளும் ஆலயங்களும் அமைத்து ஒடுக்கப்பட்டோரிடையே பணியாற்றிய காலமும் அதுவே. அகிலத்திரட்டின் கலி, கண்ணுக்குப் புலப்படாத பேயன்று. திருவாங்கூர் அரியணையில் அமர்ந்த கலிநீசன் அவன். கடல் கடந்து வந்த வெண்நீசன் அவனுக்குத் துணை. மக்கள்மீது சுமத்தப்பட்ட வரிகளையும் கூலியில்லா ஊழியங்களையும் அம்மானை அடுக்கடுக்காக எண்ணிச் செல்லும் இடம் அதன் உயிர்நிலை. மீண்டும் ஒரு பட்டியல்! யோவான் துறைமுகக் கணக்கேட்டைத் திறந்தார். அரிகோபாலர் அரசிறைக் கணக்கேட்டைத் திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டோர் தீர்ப்பு நாளைக் கற்பனை செய்யும்போது முதலில் கேட்பது கணக்கையே என்பதற்கு இவ்விரு நூல்களும் சான்று. வைகுண்டரை மன்னன் சிறையிட்டதும் இவ்வுண்மையை அவன் நன்குணர்ந்தமைக்குச் சான்றாகும்.

இதற்கு மறுதலையாக அமைவது பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுவரும் இரட்சணிய யாத்திரிகம். 1894இல் நூலாக வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இக்காப்பியம், ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட பரதேசியின் மோட்சப் பயணத்தைத் தழுவியது. அழியவிருக்கும் நகரை விட்டு ஒருவன் ஓடுகின்றான். அவன் பயணமே கதை. பனியன் தகர வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகச் சிறையிருந்தவர். அவரது எளிய உரைநடையில் ஏழையின் நையாண்டி உண்டு. கிருஷ்ணபிள்ளையிடம் கம்பனின் ஓசை உண்டு. நெஞ்சை உருக்கும் பக்தி உண்டு. செய்யுள் வனப்பில் அவர்க்கு நிகர் அந்நூற்றாண்டில் சிலரே. ஆயினும் நகரம் ஏன் அழிகின்றது, அதில் எஞ்சி நிற்போர் எவர், அவர்களுள் ஓடுதற்கு வழியற்றோர் எத்தனை பேர் என்ற வினாக்கள் அவரது காப்பியத்தில் எழவில்லை. நகரம் எரியட்டும், யான் தப்பினேன் என்பது தனியொருவனின் மீட்சி. அகிலத்திரட்டின் மாந்தர் நகரை விட்டு ஓடாது, அதே மண்ணில் நின்று தருமயுகத்தை ஆளக் காத்திருக்கின்றனர். இலக்கண வழுக்கள் மலிந்த அம்மானையைப் புறந்தள்ளிக் காப்பியத்தை மட்டும் போற்றிய எமது கல்விமரபு, அழகியலின் பெயரால் ஒரு வர்க்கத் தேர்வையும் செய்துவிட்டது எனலாம்.

பட்டியலின் இடத்தை நாட்காட்டி பிடித்துக்கொண்ட வரலாறு அடுத்து ஆராய்தற்குரியது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் அடியார்கள் 1844ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாளைக் குறித்துக் காத்திருந்து ஏமாந்தனர். இங்கிலாந்தில் ஜோன் நெல்சன் டார்பி, உலக வரலாற்றைக் காலப்பிரிவுகளாகக் கூறிட்டு, உபத்திரவத்துக்கு முன்னரே விசுவாசிகள் வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்ற போதனையை 1830களில் வகுத்தார். இன்று எம்மூர்களில் பழமைமிகு வேதசத்தியமாகப் போதிக்கப்படும் 'இரகசிய வருகை' அவ்வடிவில் இரு நூற்றாண்டுப் பழமையே உடையது. டார்பி சார்ந்த பிரதரன் இயக்கத்தின் முன்னோடியான அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவர்பால் ஈர்க்கப்பட்ட ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன் 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். 1860இல் அங்கு மூண்ட எழுப்புதலில் எளியோர் கூட்டங்கூட்டமாகக் கலந்துகொண்டனர். வெளிநாட்டுச் சங்கங்களின் சம்பளத்தை நம்பாது இயங்கிய அச்சபை, வெள்ளை மிசனரியின் மேலாண்மைக்கு ஒரு மௌன மறுப்பாகவும் விளங்கிற்று.

அதன் தாக்கம் திருவிதாங்கூரிலும் படர்ந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் தோன்றிக் கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு என்பாரும் அவரைச் சார்ந்தோரும் 1875இல், ஐந்தரை ஆண்டுகளில், அதாவது 1881இல் கிறிஸ்து வருவார் என அறிவித்தனர். அக்காலத்திலேதான், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடிற்று. தானியம் இரயிலேறிக் கப்பலேறிச் சென்றுகொண்டிருக்க மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். அயல்நாட்டில் இத்தனை பெரிய 'உபத்திரவம்' நடந்துகொண்டிருக்கையில், நாட்காட்டியை நோக்கிய கண்கள் தானியக் கப்பலை நோக்கவில்லை. 1881 வந்தது; குறித்த நாள் கடந்தது; பலர் தாய்ச்சபைக்கு மீண்டனர்; எஞ்சியோர் யுயோமயம் என்னும் தனிச்சபையாயினர். அவர்கள் விட்டுச் சென்ற இனிய கீர்த்தனைகள் பல சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. நாட்காட்டி பொய்த்த பின்னும் ஏக்கம் பொய்க்கவில்லை என்பதற்கு அப்பாடல்களே சாட்சி.

இலங்கையில் இம்மரபின் குறிப்பிடத்தக்க வடிவம் 1920களில் கொழும்பில் உருவான இலங்கைப் பெந்தெகொஸ்தே சபையாகும். கேரளத்திலிருந்து சிறுவயதில் வேலை தேடி வந்த இராமன்குட்டி, பின்னர்ப் பாஸ்டர் போல் ஆகி, அல்வின் த அல்விசோடு சேர்ந்து இதனை வளர்த்தார். வீட்டுப் பணியாளாய் வந்த ஒருவர் தொடங்கிய சபை கடல் கடந்து பல நாடுகளில் பரவியமை சாதாரண நிகழ்ச்சியன்று. சொந்தச் சொத்தின்றி, மணவாழ்வைத் துறந்து, வெண்ணுடையணிந்து, பொதுவீட்டில் வாழும் அதன் ஊழியர்களிடம் ஆதிச்சபையின் சமத்துவ ஒளியைக் காண்போர் தவறிழைத்தவராகார். ஆனால், வருகை சமீபம் என்ற அதே உறுதி, மருந்தை விலக்கும் கட்டுப்பாட்டையும் கொணர்ந்தது. இந்நாட்டின் இலவச மருத்துவம் உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற உரிமைகளுள் ஒன்று. அதனை ஒருவன் தானாக விட்டுவிடும்போது இழப்பவன் ஏழையே.

அமெரிக்காவில் 1909இல் வெளியான ஸ்கோபீல்டின் குறிப்புரை வேதாகமம் டார்பியின் கருத்தை வேதவாக்கோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டு நிலைநிறுத்திற்று. 1970இல் ஹல் லின்ட்சே எழுதி இலட்சக்கணக்கில் விற்பனையான நூல், சோவியத் ஒன்றியத்தை வேதத்தின் வடதிசைப் பகைவனாகவும் ஐரோப்பியப் பொதுச்சந்தையைப் பத்துக் கொம்பு மிருகமாகவும் காட்டிற்று. 1948இல் இஸ்ரவேல் அரசு தோன்றியதிலிருந்து ஒரு தலைமுறைக் காலத்தை எண்ணி, 1988 அளவில் முடிவு வரலாமெனக் கோடிட்டும் காட்டிற்று. 1988 கடந்தது, 1991இல் சோவியத் ஒன்றியமே மறைந்தது. நூலின் வழிவந்த பிரசங்கங்கள் மட்டும் புதிய பகைவரைத் தேடிக்கொண்டு தொடர்கின்றன. ஈண்டு ஒன்று கவனிக்கற்பாலது. யோவானின் மிருகம் அவர் வாழ்ந்த பேரரசே. லின்ட்சேயின் மிருகமோ அவர் வாழ்ந்த பேரரசுக்குப் போட்டியாளன்! சிறையிலிருந்து எழுதப்பட்ட ஒரு நூலை அரண்மனையிலிருந்து வாசித்தால் விளைவது இதுவே.

இப்பிரசங்கங்களே தமிழில் பெயர்க்கப்பட்டு, துண்டுப் பிரசுரமாகவும் கைத்தொலைபேசிக் காணொளியாகவும் எமது கரையை அடைகின்றன. அவற்றிலும் பட்டியல் உண்டு: பூமியதிர்ச்சி, கடற்கோள், கொள்ளைநோய், யுத்தம், பஞ்சம். ஆனால் இப்பட்டியலில் எந்த வணிகனும் இல்லை. எந்த வரியும் இல்லை. எந்த அரசனும் இல்லை. நிகழ்ச்சிகள் யாவும் 'அடையாளங்கள்' ஆகிவிட்டன. அடையாளத்துக்குப் பொருள் உண்டு, பொறுப்பாளி இல்லை.

இதன் விளைவை எமது அண்மைக்கால வரலாற்றில் வைத்து நோக்குவோம். 2004 திசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டது. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்த பின் அலை எமது கிழக்குக் கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு ஒன்றுதான் இருக்கவில்லை. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்புச் சீயோன் ஆகிய ஆலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு சனவரியிலேயே எமது மாவட்டத்து வண்ணாத்திவில்லுவில் வெடிபொருள்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. பின்னர் அயல்நாட்டிலிருந்து எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமென 2023 சனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாடு நின்றது. அப்பொருளாதார வீழ்ச்சிக்கு இராசபக்ச சகோதரர் உள்ளிட்ட ஆட்சியாளர் பொறுப்பாளிகள் என 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறிற்று. இவை மூன்றையும் 'கடைசிக் காலத்தின் அடையாளங்கள்' என்ற ஒரே கூடையில் இட்டுவிட்டால், எச்சரிக்கை அமைப்பு எங்கே, கடிதத்தைப் படித்தவர் எவர், திறைசேரியைக் காலி செய்தவர் எவர் என்ற வினாக்கள் அக்கூடையின் அடியில் மறைந்துவிடுகின்றன. உயிர்த்த ஞாயிறுப் படுகொலைக்கு நீதி கோரி ஆண்டுகள் பலவாக ஓயாது குரலெழுப்பும் கத்தோலிக்க மக்கள், தம் இறந்தோரை அடையாளங்களாக ஏற்க மறுத்துவிட்டனர். அம்மறுப்பே வெளிப்படுத்தலின் மெய்யான வாசிப்பு என்பேன். அந்நூலிலும் கொலையுண்டோர் பலிபீடத்தின் கீழிருந்து எதுவரைக்கும் நீதி தாமதிக்கும் என்றே கேட்கின்றனர்.

இந்நோய் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதன்று. ஈசா நபி மீண்டும் இறங்கி வருவார் என்பது பாலாவியிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் முஸ்லிம் மக்களின் நம்பிக்கையுமாகும். நீதி நிலைநாட்டப்படும் நாளையே அவர்களும் அதிற் காண்கின்றனர். அதே ஏக்கத்தைக் கொலைவெறியாக மாற்றிய ஐ.எஸ். இயக்கம், இறுதிப்போர் நிகழுமெனக் கருதப்படும் சிரியாவின் தாபிக் ஊரின் பெயரையே தன் பிரசார இதழுக்குச் சூட்டியது. பொறுப்பாளியின் பெயர் அழிக்கப்பட்ட தீர்ப்பு நாளில், அயலான் எளிதாகக் குற்றவாளியாகிவிடுகின்றான். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெருந்தொகையினராக இம்மாவட்டத்தின் கரையில் வந்து ஒதுங்கினர். வீடும் நிலமும் கிணறும் சில நாள்களில் கைவிட்டுப் போன அம்மக்களுக்கு ஓர் உலகம் அன்றே முடிந்துவிட்டது. அவர்கள் கேட்டது வானத்து அடையாளங்களின் விளக்கத்தையன்று. காணி உறுதியையும் திரும்பும் வழியையும்.

எனவே ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள எமது பணி தெளிவானது. இறுதிக்கால நம்பிக்கையுடைய மாணவனைப் பரிகசித்தல் அவன் வீட்டாரின் பெருமூச்சைப் பரிகசித்தலாகும். அவன் கையிலுள்ள நூலையே அவனோடு அமர்ந்து படித்தல் வேண்டும். பதினெட்டாம் அதிகாரத்தின் சரக்குகளை அவனே எண்ணட்டும். அகிலத்திரட்டின் வரிகளை அருகில் வைத்து ஒப்பிடட்டும். பின்னர்த் தன் கைத்தொலைபேசியில் வந்த பிரசங்கத்தின் பட்டியலை எடுத்து, அதில் எவருடைய பெயர் விடுபட்டுள்ளது எனத் தேடட்டும். மீனுக்கு விலை குறிப்பவன், வலைக்கு வட்டி வாங்குபவன், உப்பளத்தில் கூலி நிர்ணயிப்பவன் ஆகியோரின் பெயர்களும் அத்தேடலில் அகப்படுதல் கூடும்.

நீதி வரும் என்று நம்புதல் தவறன்று. அந்நம்பிக்கையற்ற சமுதாயம் முன்னரே மாண்டுபோனதாகும். நீதி வரும் நாளன்று எவரிடம் கணக்குக் கேட்கப்படும் என்பதை இன்றே எழுதிவைத்தல் வேண்டும். அதனை எழுதிய நூல்கள் மக்களின் நூல்களாக நின்றன. எழுதாது நாளை மட்டும் குறித்த நூல்கள் அந்நாளோடு கழிந்தன.